பன்றி மூளை ஊசி: ஒரு பழைய மருந்தின் வரலாறு

செமஸ்டர் பரீட்சை, அதன் பிறகு ஒரு கல்யாணம், அதன் பிறகு வழக்கமான சோம்பேறித்தனம் என்று இந்தப் பக்கம் ஒரு மாதமாகத் தூசி படிந்து கிடந்தது. போன முறை உப்பு வரி பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை மூளை. பி.காம். படிக்கிறவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று வகுப்பில் சிலர் கேட்பார்கள் (மூளை இருக்கிறதா என்றே கேட்பவர்களும் உண்டு). இது பாதி கணக்குப் புத்தகத்தின் கதையும்தான். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

விடுமுறையில் மாமாவின் மொத்த மருந்துக் கடையில் ஸ்டாக் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: செரிப்ரோபுரோட்டீன் ஹைட்ரோலைசேட், 60 மில்லிகிராம், ஊசி. ஒரே சரக்கு, வேறு வேறு கம்பெனி, வேறு வேறு பெயர். பெயரைப் பிரித்துப் பார்த்தால் 'மூளைப் புரதத்தை உடைத்து எடுத்தது' என்று அர்த்தம் வருகிறது. யாருடைய மூளை? மாமாவிடம் கேட்டேன். "பக்கவாதம் வந்தவங்களுக்குப் போடறது. பன்றி மூளைடா" என்றார், பில் போடுவதை நிறுத்தாமல்.

அன்று தொடங்கிய தேடல் இது. ஒரு பன்றியின் மூளை எப்படி மனிதனின் நரம்புக்குள் ஏறும் மருந்தானது? அதைவிட முக்கியமான கேள்வி, எழுபது வருடங்களுக்கு மேலாக அது எப்படிக் கடை அலமாரியிலேயே நிற்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இது வரலாறு, மருந்துச் சீட்டு அல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம். எந்த உறுப்பு கெட்டதோ அந்த உறுப்பைச் சாப்பிட்டால் சரியாகும் என்ற நம்பிக்கை நமக்குப் புதிதல்ல. முட்டி வலித்தால் ஆட்டுக்கால் சூப்பு, ரத்தம் குறைந்தால் ஈரல், பரீட்சை வந்தால் ஆட்டு மூளை வறுவல். இதே நம்பிக்கைக்கு 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார்கள். மாட்டியவர் பிரௌன் செக்கார்ட். சாதாரண ஆள் இல்லை, தண்டுவடம் பற்றிய ஆராய்ச்சியில் உலகம் மதித்த விஞ்ஞானி. 1889 ஜூன் 1 அன்று, 72 வயதில், பாரிஸில் அறிஞர் சபை முன் எழுந்து நின்று, நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதைப்பையிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டதாகவும் இளமை திரும்பிவிட்டதாகவும் அறிவித்தார். உலகமே சிரித்தது. ஆனால் சிரித்தவர்களிலேயே பலர் அந்தச் சாற்றை வாங்கவும் செய்தார்கள்!

அதற்குப் பிறகு சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு உறுப்பாகப் பிழிய ஆரம்பித்தார்கள். 1892-ல் பாரிஸில் கான்ஸ்டன்டின் பால் என்ற மருத்துவர், நரம்புத் தளர்ச்சி என்று வந்தவர்களுக்கு ஆட்டு மூளைச் சாற்றைத் தோலுக்கடியில் செலுத்தினார். இதற்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'நரம்பு ஏற்றம்'. ரத்தம் ஏற்றுவது போல நரம்பு ஏற்றுவதாம். அடுத்த வருடமே அமெரிக்காவில் வில்லியம் ஹாமண்ட் என்பவர் மாட்டு மூளையிலிருந்து 'செரிப்ரின்' என்ற மருந்தைக் கொண்டுவந்தார். இவரும் தெருமுனை வைத்தியர் இல்லை. உள்நாட்டுப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர், நரம்பியலில் அந்த நாட்டின் முன்னோடிகளில் ஒருவர்.

இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதே அலையில்தான் ஒரு நிஜமான வெற்றியும் வந்தது. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு வற்றிப்போய் உடம்பு வீங்கிக் கிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசி போட்டார். அந்த அம்மா எழுந்து நடமாடி, 1919 வரை, 74 வயது வரை வாழ்ந்தார். அப்புறம் 1922-ல் டொரோண்டோவில் இன்சுலின். பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுத்த இன்சுலின்தான் அதற்குப் பின் அறுபது வருடம் உலகத்தின் சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்றியது.

அப்படியென்றால் கணையம் வேலை செய்கிறது, தைராய்டு வேலை செய்கிறது, மூளை மட்டும் ஏன் செய்யக்கூடாது? நியாயமான கேள்விதான். பதில் இந்த இடத்தில் இருக்கிறது: இன்சுலின் என்பது ஒரே ஒரு பொருள். ஒரு முயலுக்குப் போட்டால் ரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து 'இத்தனை யூனிட்' என்று அளக்கலாம். அளந்தால் விற்கலாம், அளவு தவறினால் உடனே தெரிந்துவிடும். மூளை அப்படி ஒரு சரக்கைச் சுரந்து ரத்தத்தில் கலக்கும் சுரப்பி இல்லை. அதன் வேலையெல்லாம் இணைப்பில் இருக்கிறது. கம்ப்யூட்டரை உரலில் போட்டு இடித்து, அந்தப் பொடியை இன்னொரு பழுதான கம்ப்யூட்டரில் கொட்டினால் சரியாகுமா? (உவமை கொஞ்சம் முரட்டுத்தனம்தான். ஆனால் எனக்கு இதைவிட நல்லதாகக் கிடைக்கவில்லை.)

பச்சை மூளையை ஊசியாகப் போடுவதில் ஆபத்தும் உண்டு. அது நம் ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஆபத்து. வெறிநாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அந்த ஊசி ஆட்டு மூளையில் வளர்த்த தடுப்பு மருந்து. கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் 1911-ல் உருவாக்கியது. நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்திலும் அதைப் பல காலம் தயாரித்தார்கள். லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சிலருக்கு ஊசி போட்ட சில நாளில் கை கால் விழுந்துவிடும். நாய் விஷத்தால் அல்ல, ஊசியில் இருந்த ஆட்டு மூளையால். உடம்பின் காவல்படை அந்த அந்நிய மூளைப் புரதத்தைப் பகைவன் என்று பதிவு செய்துகொண்டு, அதே சாயலில் இருக்கும் சொந்த நரம்பின் உறையையும் தாக்கத் தொடங்கிவிடுகிறது. நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் 1933-ல் முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட்டு இதைக் காட்டினார். ஆட்டு மூளைத் தடுப்பூசியை இந்தியா கைவிட 2004-ம் ஆண்டின் கடைசி வரை ஆனது.

ஆக, மூளையை மருந்தாக்க வேண்டுமானால் அதை அடையாளம் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியாக உடைக்க வேண்டும். அதைத்தான் ஆஸ்திரியாவில் செய்தார்கள்.

1949, இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகம், கெர்ஹார்ட் ஹாரர். செரிப்ரோலைசின் என்ற மருந்தின் தொடக்கமாகக் குறிப்பிடப்படுவது இதுதான். ஆட்டர்சே ஏரிக்கரையில் உன்டராக் என்ற சின்ன ஊரில் இருந்த எபேவே என்ற கம்பெனி அதை 1950-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. செய்முறை கேட்பதற்கு எளிது. பன்றி மூளையின் கொழுப்பை நீக்கி, நொதிகளைக் கொண்டு அதன் புரதத்தைச் செரிக்க வைக்கிறார்கள். புரதம் என்பதை ஒரு பூமாலை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பூவும் ஒரு அமினோ அமிலம். மாலை அறுந்து நாலைந்து பூக்கள் சேர்ந்தாற்போல் கிடக்கும் துண்டுதான் பெப்டைடு. இந்த மருந்தில் பெரும் பகுதி உதிரிப் பூ, அதாவது தனி அமினோ அமிலம். மீதி கால் பங்கு அல்லது அதற்கும் குறைவாகச் சிறு துண்டுகள், எல்லாம் 10,000 டால்டன் எடைக்கு உட்பட்டவை. (இன்சுலின் சுமார் 5,800 டால்டன்.) இப்படி உடைத்த பிறகு குன்னூர் ஊசியில் இருந்த பயம் பெருமளவு போய்விடுகிறது.

இன்னொரு விதத்திலும் பன்றியைத் தேர்ந்தெடுத்தது அவர்களுக்கு அதிர்ஷ்டமாகப் போயிற்று. 1986-ல் இங்கிலாந்தில் மாடுகளுக்குப் பித்து நோய் வந்தது. அது மனிதனுக்கும் தொற்றியிருக்கிறது என்று 1996-ல் அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. மாட்டு மூளை என்றாலே உலகம் நடுங்க ஆரம்பித்தது. பன்றிக்கு அந்த வகை நோய் இயற்கையாக வந்ததாக இதுவரை பதிவு இல்லை. பன்றி மூளைக் குப்பி தப்பித்தது.

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது அடுத்து வருவதுதான். இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று சொல்லப்பட்ட விளக்கம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. குப்பிக்குள் இருப்பது அதே பன்றி மூளைதான். ஆரம்பத்தில் இது மூளைக்கு ஊட்டம், அமினோ அமிலச் சத்து. பிறகு அறிவியலில் ஒரு புதிய காற்று அடித்தது. நரம்பு செல்களை உயிரோடு வைத்து வளர வைக்கும் புரதங்கள் உண்டு என்று ரீட்டா லெவி மொன்டால்சினியும் ஸ்டான்லி கோகனும் 1950-களில் கண்டுபிடித்ததற்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின் நம் குப்பி சத்து மருந்து அல்ல, 'நரம்பு வளர்ச்சிக் காரணி போலச் செயல்படுவது'. பிறகு வந்த வருடங்களில் 'பல வழிகளில் ஒரே நேரத்தில் செயல்படுவது' என்றும் ஆகிவிட்டது. கட்சி மாறும் அரசியல்வாதி தொகுதியை மட்டும் விடாமல் வைத்திருப்பது மாதிரி :-)

இந்த வளர்ச்சிக் காரணி விளக்கத்தைச் சற்று உரசிப் பார்க்க நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. பிடிஎன்எஃப் என்ற காரணியை 1982-ல் ஜெர்மனியில் பார்ட், தோனன் குழுவினர் முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து தெரியுமா? பன்றி மூளையிலிருந்துதான். ஒன்றரை கிலோ மூளையைச் சுத்திகரித்து அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மைக்ரோகிராம். ஒரு பன்றி மூளை சுமார் 100 கிராம் என்று வைத்தால் பதினைந்து பன்றிக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சுத்திகரிப்பில் வீணானதைச் சேர்த்தாலும் அரிதான பொருள்தான். அதுவும் செரிக்க வைப்பதற்கு முன் இருந்த மூளையில்! 2015-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் நவீனக் கருவிகளால் இந்த மருந்தைத் துருவிப் பார்த்தபோது, முக்கியமாகக் கண்டது டியூபுலின் போன்ற, செல்லுக்குச் சட்டமாக நிற்கும் சாதாரணப் புரதங்களின் துண்டுகளை. சொல்லப்பட்ட வளர்ச்சிக் காரணிகள் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, சுத்தமான பிடிஎன்எஃப்பையே தயாரித்து 1990-களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தசைநலிவு நோயாளிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அதுவும் தோற்றது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது, கண்டதையும் உள்ளே விடாது.

இதற்காகத் துண்டுகளுக்கு எந்த விளைவுமே இருக்க முடியாது என்று சொல்லிவிட முடியாது. ஆய்வகத் தட்டிலும் எலிகளிலும் நல்ல பலன் காட்டிய கட்டுரைகள் ஏராளமாக உண்டு. ஆனால் எலியில் பலன் என்பது இந்தத் துறையில் மலிவான சரக்கு. பக்கவாதத்துக்காக முயன்று பார்க்கப்பட்ட மருந்துகளை 2006-ல் ஒரு ஆஸ்திரேலியக் குழு எண்ணிப் பார்த்தது. மொத்தம் 1,026. அவற்றில் மனிதர்களிடம் சோதிக்கும் வரை வந்தவை 114. மூளை செல்களைக் காக்கும் என்று வந்தவற்றில் ஒன்றுகூட அன்றைக்கு நிலைத்து நிற்கவில்லை.

பனிப்போரின் மறுபக்கத்திலும் இதே கதை தனியாக ஓடியது. லெனின்கிராட் ராணுவ மருத்துவ அகாடமியில் விளாடிமிர் கவின்சன், வியாசெஸ்லாவ் மொரோசோவ் என்ற இருவர் 1970-களில் கன்றுகளின் உறுப்புகளிலிருந்து பெப்டைடுகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். தைமஸ் சுரப்பியிலிருந்து ஒன்று, பீனியல் சுரப்பியிலிருந்து ஒன்று, மூளைப் புறணியிலிருந்து ஒன்று. அந்த மூன்றாவதுதான் கார்டெக்சின். 1999-ல் ரஷ்யாவில் பதிவானது. 10 மில்லிகிராம் தூள், கலக்கித் தசையில் போட வேண்டும். பக்கவாதம், தலைக்காயம், குழந்தைகளின் வளர்ச்சித் தாமதம் என்று பட்டியல் நீளம். அந்தந்த உறுப்பின் பெப்டைடு அந்தந்த உறுப்பையே போய்ச் சீர்செய்யும் என்பது அவர்கள் கொள்கை. எனக்கு இதைப் படித்தபோது நம் ஆட்டுக்கால் சூப்பு ஞாபகம்தான் வந்தது. கவின்சன் பின்னாளில் முதுமையைத் தள்ளிப்போடும் ஆராய்ச்சிக்காகப் பெரும் புகழ் பெற்று 2024 ஜனவரியில் இறந்தார்.

ரஷ்ய மருத்துவர்கள் எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2007 மார்ச்சில் ரஷ்ய மருத்துவ அறிவியல் அகாடமியின் மருந்துப் பட்டியல் குழு ஒரு தீர்மானம் போட்டது. பலன் நிரூபிக்கப்படாத பழைய மருந்துகளை அரசுச் செலவுப் பட்டியலிலிருந்து உடனே நீக்குங்கள் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். அதில் செரிப்ரோலைசினும் இருந்தது. தீர்மானம் காகிதத்தில் நின்றது, குப்பி அலமாரியில் நின்றது.

மூளைச் சரக்கு என்றால் எப்போதும் தப்பித்துவிடும் என்றும் இல்லை. இத்தாலியில் படுவா நகரத்துக்குப் பக்கத்தில் ஃபிடியா என்ற கம்பெனி மாட்டு மூளையிலிருந்து கேங்லியோசைடு என்ற கொழுப்புப் பொருளைப் பிரித்து 1970-களிலிருந்து க்ரோனாசியல் என்ற பெயரில் விற்றது. இது பெப்டைடு இல்லை, ஆனால் அதே குடும்பத்துப் பங்காளி. நரம்பு வலிக்கு என்று சக்கைப்போடு போட்டது. பிறகு, ஊசி போட்ட சிலருக்குக் கை கால் செயலிழக்கும் கியான் பாரே நோய் வந்ததாகத் தகவல்கள் வரத் தொடங்கின. உடம்பு அந்தக் கேங்லியோசைடுக்கு எதிராகப் போர் தொடுத்து சொந்த நரம்பையும் சேர்த்து அடிக்கிறது என்ற சந்தேகம். செம்பிள் ஊசியின் பழைய கதைதான், வேறு மூலக்கூறு. 1989-ல் ஜெர்மனி நிறுத்தியது. சொந்த நாடான இத்தாலி நிறுத்த மேலும் சில வருடங்கள் ஆயின. ஒரே பொருளை நம்பி வளர்ந்த கம்பெனி பெரும் நிதி நெருக்கடியில் மாட்டியது. பிறகு அது பிழைத்து எழுந்ததில் பெரும் பங்கு முட்டிவலி ஊசிக்கு, அதாவது சேவல் கொண்டையிலிருந்து எடுத்த ஹையலுரானிக் அமிலத்துக்கு. மூளை கைவிட்டது, கொண்டை கைகொடுத்தது!

சரி, பன்றி மூளை ஊசி உண்மையில் பலன் தருகிறதா இல்லையா? பெரிய பரிசோதனை ஆசியாவில்தான் நடந்தது. 2012-ல் வெளியான காஸ்டா ஆய்வில் 1,070 பக்கவாத நோயாளிகள். பாதிப் பேருக்குத் தினமும் 30 மில்லி வீதம் பத்து நாள் மருந்து, மறுபாதிக்கு வெற்று நீர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. பாதிப்பு அதிகமாக இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் நல்லது போலத் தெரிகிறது என்றார்கள். (மொத்தத்தில் பெயிலான பையன், இங்கிலீஷில் மட்டும் பாஸ் என்று வீட்டில் சொல்வது போல.) 2016-ல் கார்ஸ் என்ற இன்னொரு ஆய்வு, 208 பேர், 21 நாள் மருந்தோடு உடற்பயிற்சி சிகிச்சையும். இதில் கை அசைவு நன்றாகத் திரும்பியது என்று முடிவு. இரண்டுக்கும் பணம் கொடுத்தது மருந்து தயாரித்த கம்பெனி.

எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடை போடும் காக்ரேன் அமைப்பின் 2020 அறிக்கை ஏழு ஆய்வுகளில் 1,601 பேரைப் பார்த்தது. இறப்பைக் குறைக்கவில்லை என்றது. உயிர்போகாத ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் மருந்து பெற்றவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு என்றும் சொன்னது. இந்த அறிக்கையை எழுதியவர்கள் ரஷ்யாவின் கசான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள். மருந்து அமோகமாக விற்கும் நாட்டிலிருந்தே வந்த குரல். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021-ல் ஐரோப்பிய நரம்பியல் அகாடமியின் வழிகாட்டுதல், பக்கவாதத்துக்குப் பின் கை கால் பயிற்சிக்குத் துணையாக இதைப் பரிந்துரைத்திருக்கிறது. அமெரிக்காவில் இதற்கு அனுமதியே இல்லை. ஆக, படித்தவர்களுக்குள்ளேயே வழக்கு முடியவில்லை. என் கட்சி காக்ரேன் பக்கம். 1,070 பேரில் தெரியாத பலன் 208 பேரில் தெரிகிறது என்றால், நான் பெரிய எண்ணிக்கையைத்தான் நம்புவேன்.

ஆனால் 70 வருடம் விற்ற பிறகும் வழக்கு முடியவில்லை என்பதே விசித்திரம் இல்லையா? இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மருந்து இருக்கிறது. ஆஸ்ட்ராஜெனகா கம்பெனியின் என்எக்ஸ்ஒய் 059. மூளை செல்களைக் காக்க வந்த அதுவும் 2006-ல் முதல் பெரிய ஆய்வில் ஜெயித்தது. அதைவிடப் பெரிய இரண்டாவது ஆய்வில் தோற்றது. அன்றோடு மூட்டை கட்டிவிட்டார்கள். இரண்டாவது ஆய்வு தோற்றால் ஒரு மருந்து சாகிறது, இன்னொன்று சாகவில்லை. ஏன்?

வாசல் வழியாக வந்ததா, வாசல் கட்டுவதற்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதா என்பதுதான் வித்தியாசம். தாலிடோமைடு கொடுமைக்குப் பிறகுதான், மருந்து பலன் தரும் என்று நிரூபித்தால் மட்டுமே விற்கலாம் என்று 1962-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. ஜெர்மனியின் சட்டம் 1976-ல் வந்தது. செரிப்ரோலைசின் அதற்கெல்லாம் முன்பே கடைக்கு வந்துவிட்டது. புது மருந்து 'நான் பலன் தருவேன்' என்று நிரூபிக்க வேண்டும். பழைய மருந்தை வெளியேற்ற வேண்டுமென்றால் வேறு யாராவது 'இது பலன் தராது' என்று நிரூபிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து அதை நிரூபிக்கப் பெரும் பணம் வேண்டும். அந்தச் செலவைச் செய்து லாபம் பார்க்கப் போகிறவர் யார்? ஒருவரும் இல்லை. ஒரு வணிகவியல் மாணவனாக எனக்கு இந்தக் கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. 2009-ல் நோவார்டிஸின் சான்டோஸ் 92.5 கோடி யூரோ கொடுத்து எபேவேயின் புற்றுநோய் ஊசி வியாபாரத்தை வாங்கியது. மூளை மருந்து அந்த விற்பனையில் சேரவில்லை. அது எவர் நியூரோ ஃபார்மா என்ற பெயரில் தனியாகத் தொடர்ந்து நடக்கிறது.

கடைசியில் ஒரு இடத்தில் மட்டும் இதன் கணக்கைக் கேட்டார்கள். சீனாவில். செரிப்ரோலைசினைப் பார்த்து அங்கே உள்ளூர்க் கம்பெனிகள் மூளைப் புரத ஊசிகளையும் கேங்லியோசைடு ஊசிகளையும் மலை மலையாகத் தயாரித்து விற்றன. 2019 ஜூலை 1 அன்று சீன அரசின் சுகாதார ஆணையம் 20 மருந்துகளின் பட்டியலை வெளியிட்டது. இவற்றை எந்த டாக்டர் எவ்வளவு எழுதுகிறார் என்று ஆஸ்பத்திரிகள் கண்காணிக்க வேண்டும். மூளைப் புரத ஹைட்ரோலைசேட், கேங்லியோசைடு, எலியிலிருந்து எடுத்த நரம்பு வளர்ச்சிக் காரணி எல்லாம் அதில் இருந்தன. அடுத்த மாதமே அந்த இருபதையும் தேசியக் காப்பீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

கவனித்துப் பாருங்கள். 2012-ல் ஆய்வு தோற்றபோது நடக்காதது, பணம் கொடுப்பவர் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தபோது நடந்தது. ஒரே கல்லாவிலிருந்து பணம் போனால் என்றைக்காவது ஒருநாள் யாராவது லெட்ஜரைத் திறந்துதான் ஆக வேண்டும். ரஷ்யாவிலும் 2007-ல் கேட்கப்பட்டது அதே கேள்விதான், ஆனால் கல்லாவைக் கையில் வைத்திருந்தவர்கள் காது கொடுக்கவில்லை.

நம் ஊரில் அந்த லெட்ஜரே கிடையாது. இங்கே பெரும்பாலும் பணம் நோயாளி வீட்டின் பையிலிருந்து போகிறது. ஒவ்வொரு வீடும் பத்து நாள் ஊசிக்கு ஒருமுறை கொடுக்கிறது. பேச்சு திரும்பினால் ஊசியால் திரும்பியது, திரும்பாவிட்டால் விதி. பக்கவாதம் வந்த பலருக்கு முதல் மூன்று மாதத்தில் கொஞ்சம் தானாகவே திரும்பும் என்பதால் ஊசிக்குப் பெயர் கிடைக்க வாய்ப்பு நிறைய. அந்த மாதங்களில் பிசியோதெரபிக்கு வர வேண்டியவரை நிறுத்திவிட்டு, அந்தக் காசை ஊசிக்குக் கொடுத்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அடைப்பால் வரும் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நிரூபணம் உண்டு, 1995-லிருந்து உண்டு. ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணிய மனிதரை 'காற்று சேர்ந்திருக்கும், காலையில் பார்க்கலாம்' என்று படுக்க வைத்தால் அந்த நேரம் போய்விடும். நேரம் போன பிறகு வருகிறவர்களுக்குத்தான் இந்த மூளை ஊசி எழுதப்படுவது அதிகம் என்று மாமா கடைக்கு வரும் ஒரு விற்பனைப் பிரதிநிதியே சொன்னார். வேறு கொடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் டாக்டருக்கும் எதையாவது எழுத வேண்டியிருக்கிறது, வீட்டாருக்கும் எதையாவது வாங்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

அது பன்றியிலிருந்து வந்தது என்று அந்த வீட்டாரிடம் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது வேறு கேள்வி. முஸ்லிம் நண்பர்களும் சைவ வீட்டு நண்பர்களும் இருக்கும் வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் ஒரே மாதிரி முகம் சுளித்தார்கள். தெரிந்தே ஒப்புக்கொள்வது ஒன்று, தெரியாமல் ஏற்றிக்கொள்வது ஒன்று. கேட்டால் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தான், கேளுங்கள்.

பன்றியை விட மனசில்லை. அடுத்த பதிவு ஹெப்பாரின் பற்றி. பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் இந்த மருந்து நிஜமாகவே வேலை செய்கிறது, அளக்கவும் முடிகிறது. ஆனாலும் 2008-ல் சீனாவிலிருந்து வந்த சரக்கில் கலப்படம் நடந்து அமெரிக்காவில் பல உயிர்கள் போயின. காஸ்ட் அக்கவுண்டிங் அசைன்மென்ட் முடிந்ததும் எழுதுகிறேன்.